கேள்வி கேட்டதும் தடுமாறுகிறேன், படியிறங்கும்போது பதில் வருகிறது: என்ன செய்வது?

வாசகியின் கடிதம்

அலுவலகத்தில் தன் திட்டத்தை முன்வைக்கப் போய், கேள்விகளில் சிக்கித் திரும்பிய ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36. ஒரு நடுத்தர நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஒன்பது வருடமாக இருக்கிறார். அங்கே புகார்கள் தொலைபேசியில் வரும், மின்னஞ்சலில் வரும், விற்பனை ஆட்களிடம் வாய்வழியாகவும் வரும். மூன்றும் மூன்று எக்செல் கோப்புகளில் தனித்தனியாகக் கிடப்பதால், ஒரே வாடிக்கையாளர் மூன்று தடவை கூப்பிட்டால் மூன்று பேர் மூன்று விதமாகப் பதில் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவரலாம், அதற்கு விற்பனைப் பிரிவிலிருந்து இரண்டு பேரைத் தன் பிரிவுக்கு மாற்றித் தர வேண்டும், ஆறு மாதத்தில் வேலை முடியும் என்று 26 ஸ்லைடுகளில் ஒரு திட்டம் தயாரித்தார். ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினார்.

கூட்டத்தில் மூன்றாவது ஸ்லைடிலேயே நிதிப் பிரிவுத் தலைவர் குறுக்கிட்டார். “இந்தப் புகார்களில் எத்தனை, ஏற்கெனவே சொன்னதையே திரும்பச் சொன்னவை?” “அது பின்னாடி வருது சார், கடைசியில சொல்றேன்” என்றார் இவர். “ஒரு எண்தானே, இப்பவே சொல்லலாமே” என்றதும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்: 40 சதவீதம். அடுத்து விற்பனைப் பிரிவுத் தலைவர், “என் ஆட்கள் ரெண்டு பேரை எடுத்துட்டா மாசக் கடைசியில நான் என்ன பண்றது?” என்று கேட்க, “ரெண்டு பேர் இல்லாம இது நடக்காது சார்” என்று முடித்துவிட்டார். ஆறு மாதத்தில் முடியாவிட்டால் என்ன என்ற கேள்விக்கு “முடியும்” என்ற ஒற்றைச் சொல். அதற்குப் பிறகு விட்ட இடம் எது என்றே தெரியாமல் மீதி ஸ்லைடுகளை வேகமாகத் தள்ளி முடித்தாராம். நிர்வாக இயக்குநர் “நல்ல முயற்சி, பிறகு பார்ப்போம்” என்று சொல்லி எழுந்துவிட்டார். மறுநாள் கணக்கைச் சரிபார்த்தால் மூன்று மாதத்தில் வந்த 1,140 புகார்களில் 262தான் திரும்ப வந்தவை. அதாவது 23 சதவீதம். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது மூன்று வாரத்தில் இன்னொரு வாய்ப்பு வந்திருக்கிறது. வரக்கூடும் என்று தோன்றிய 64 கேள்விகளை எழுதி, பதில்களை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார். அவர் கேட்பவை இவை. கேள்விகளைக் கடைசியில்தான் கேட்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடலாமா? தெரியாது என்று சொன்னால் மதிப்புப் போய்விடாதா? நிதித் தலைவருக்குத் தன்மேல் ஏதோ கோபமா? தன்னைவிட நன்றாகப் பேசும் சக ஊழியர் ஒருவரையே பேச வைத்துவிடலாமா? மறுபடியும் ‘பிறகு பார்ப்போம்’ என்று சொல்லிவிட்டால்?

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

‘திட்டம் நல்லதுதான், நான்தான் கெடுத்துவிட்டேன், எனக்குச் சமயோசிதம் கிடையாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கெட்டுப்போன விஷயத்துக்கு மூன்று வாரத்தில் மறுபடி நேரம் ஒதுக்க மாட்டார்கள். அன்று அந்த அறையில் உங்களிடம் கேட்கப்பட்ட மூன்று கேள்விகளையும் திரும்பப் படித்துப் பாருங்கள். மூன்றும் உங்கள் திட்டத்தில் உண்மையாகவே திறந்து கிடந்த மூன்று இடங்களைத் தொட்டவை. பிரச்சினையின் அளவு என்ன, இதனால் யாருக்கு நஷ்டம், தாமதமானால் என்ன ஆகும். இந்த மூன்றும் தெரியாமல் நீங்களாக இருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டீர்கள் அல்லவா? ஆக, திட்டத்தில் கொஞ்சம் வேலை பாக்கி இருந்தது, அதைக் கேள்வி கேட்டவர்கள் காட்டிக் கொடுத்தார்கள். நீங்கள் அதைத் தாக்குதலாக எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினீர்கள்.

சமயோசிதம் பற்றி. அன்று இரவு படியிறங்கும்போது எல்லாப் பதிலும் வரிசையாக வந்தது என்று எழுதியிருந்தீர்களே, அது உங்களுக்கு மட்டும் வந்த குறை இல்லை. 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு சிந்தனையாளர் தெனி திதெரோ ஒரு விருந்தில் யாரோ சொன்ன ஒரு வார்த்தைக்குப் பதில் தெரியாமல் வாயடைத்துப் போனார். தன்னைப் போன்றவனுக்கு மாடிப்படியின் அடியில் வந்து சேர்ந்த பிறகுதான் புத்தி தெளிகிறது என்று அவரே எழுதி வைத்தார். பிரெஞ்சில் ‘படிக்கட்டு அறிவு’ என்ற சொல்வழக்கே அதிலிருந்து வந்தது. வாழ்நாள் முழுக்க வாதம் செய்து பேர் வாங்கிய மனிதருக்கே இந்த கதி என்றால், நமக்கு நடப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. படியிறங்கும்போது வந்த பதில் அறைக்குள் இருந்தபோதும் உங்கள் தலைக்குள்தான் இருந்தது. அறையில் அதை வெளியே விடாமல் பிடித்து வைத்தது எது என்பதைத்தான் பார்க்க வேண்டும். என் கணிப்பில் அது உங்கள் 26 ஸ்லைடுகள். ஒரே வரிசையில், ஒரே வேகத்தில், குறுக்கீடு இல்லாமல் பேசிப் பழகியதால், முதல் குறுக்கீட்டிலேயே சரம் அறுந்துவிட்டது.

பழந்தமிழில் பதிலுக்கு ‘மாற்றம்’ என்று ஒரு பெயர் உண்டு. மாற்றம் கொடுத்தான் என்றால் பதில் சொன்னான் என்று பொருள். இன்றைக்கு நாம் வேறு பொருளில் புழங்கும் அதே சொல்தான். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்று நீங்கள் மூன்று பதில்கள் சொன்னீர்கள், ஆனால் உங்கள் திட்டத்தில் ஒரு எழுத்துகூட அசையவில்லை. கேட்டவர்களுக்கு அதுதான் உறைத்திருக்கும். தாங்கள் கேட்பதால் ஏதாவது நகரும் என்று தெரிந்தால் பெரும்பாலானவர்கள் உதவி செய்யத்தான் வருவார்கள். எதுவும் நகராது என்று தெரிந்தால் கேள்வி கூர்மையாகும், அல்லது பேசாமல் இருந்துவிட்டு ‘பிறகு பார்ப்போம்’ என்று எழுந்து போவார்கள்.

முதல் வேலை, அந்த 40 சதவீதம்

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதை முடியுங்கள். முடிந்தால் இன்றைக்கே. இரண்டாவது கூட்டத்தில் புது ஸ்லைடில் 23 என்று போட்டுவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நிதித் தலைவர் கவனிப்பார். எண்களைக் கவனிப்பது அவர் தொழில். அவராகக் கண்டுபிடித்துக் கேட்டால், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் சரியான எண்ணையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். நீங்களாகப் போய்ச் சொன்னால் நிலைமையே வேறு. நான்கு வரி போதும். “சார், கூட்டத்தில் நீங்கள் கேட்டதற்கு நான் 40 சதவீதம் என்றேன். அது கணக்குப் பார்க்காமல் சொன்னது, தவறு. கடந்த மூன்று மாதத்தில் 1,140 புகார்களில் 262 திரும்ப வந்தவை, 23 சதவீதம். எப்படிக் கணக்கிட்டேன் என்ற தாளை இணைத்திருக்கிறேன்.” மன்னிப்பை இதற்கு மேல் நீட்ட வேண்டாம், காரணம் அடுக்கவும் வேண்டாம். கூட்டத்தில் இருந்த மற்றவர்களுக்கும் அதே மடல் போகட்டும், ஏனென்றால் அவர்களும் 40 என்றுதான் கேட்டார்கள்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? 23 சதவீதம் ஒன்றும் சின்ன எண் கிடையாது. ஏறக்குறைய நான்கு புகாரில் ஒன்று, ஏற்கெனவே சொன்னதையே மறுபடி சொல்வது. உங்கள் வாதம் இந்த எண்ணிலேயே நன்றாக நிற்கிறது. 40-ஐக் காப்பாற்ற வேண்டிய தேவையே இல்லை.

எது வளையும், எது வளையாது

இங்கேதான் கொஞ்சம் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன், 64 கேள்விகளைவிட இதற்கு. ஒரு தாளை எடுத்து உங்கள் திட்டத்தைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து எழுதுங்கள். ஒரே இடத்தில் புகார் பதிவு. இரண்டு ஆட்கள். ஆறு மாதம். இன்ன மென்பொருள். எல்லாப் பிரிவும் ஒரே நாளில் மாறுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்களை நீங்களே கேளுங்கள்: இது போனால் திட்டமே போய்விடுமா, அல்லது மெதுவாக நடக்குமா, அல்லது எனக்குப் பிடித்தமானது என்பதால் மட்டும் வைத்திருக்கிறேனா? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உண்மையில் வளையக் கூடாதது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த வழியாக வந்தாலும் புகார் ஒரே பட்டியலில் ஏற வேண்டும். ஆட்கள், மாதங்கள், மென்பொருள் எல்லாமே அதற்குக் கீழேதான். ஆனால் அன்று விற்பனைத் தலைவர் கேட்டபோது நீங்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியது ‘இரண்டு பேர்’ என்பதை.

அவர் கேட்டதை நிதானமாகப் படியுங்கள். “மாசக் கடைசியில நான் என்ன பண்றது?” ஆட்களே தர மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. மாதக் கடைசி என்று அவரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அவருக்கு மாத இலக்கு இருக்கும், கடைசி நாட்களில் அவர் கழுத்தில் கத்தி இருக்கும். அப்போது இப்படிச் சொல்லியிருக்கலாம்: “மாதத்தின் கடைசி ஐந்து நாள் அவர்கள் உங்களிடமே இருக்கட்டும் சார். மற்ற நாட்களில் எனக்குக் கொடுங்கள். ஆனால் அப்படிச் செய்தால் ஆறு மாதம் என்பது எட்டு மாதம் வரை போகலாம். அது பரவாயில்லையா?” இந்தப் பதிலில் இரண்டு காரியம் நடக்கிறது. அவருடைய சிரமத்தை நீங்கள் காதில் வாங்கியது தெரிகிறது. கூடவே, வளைந்து கொடுப்பதற்கு என்ன விலை என்பதையும் அந்த இடத்திலேயே மேசைமேல் வைத்துவிடுகிறீர்கள். இந்த இரண்டாவது பாதியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். முதல் கூட்டத்தில் விறைப்பாக இருந்து அடிபட்டவர்கள் அடுத்த கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் “சரி சார், செஞ்சிடலாம்” என்று தலையாட்டிவிட்டு வருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஒரு ஆளையும் நான்கு மாதத்தையும் வைத்துக்கொண்டு, எட்டு மாத வேலையைச் செய்ய முடியாமல், பழியும் சுமந்துகொண்டு வந்து உட்காருவார்கள். வளைவது வேறு, கொட்டிக் கொடுப்பது வேறு.

உங்கள் கையில் இல்லாததை உங்கள் வாயால் கொடுத்துவிடாதீர்கள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். கணினிப் பிரிவு எத்தனை நாளில் முடிக்கும் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். “அவர்களிடம் கேட்டு வியாழக்கிழமைக்குள் சொல்கிறேன்” என்பது முழுமையான பதில்.

மனப்பாடம் வேண்டாம், கூட்டத்துக்கு முன் சந்திப்பு வேண்டும்

64 பதில்களை மனப்பாடம் செய்தால் 65-ஆவது கேள்விதான் வரும். இது பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, மனப்பாடத்தின் இயல்பே அப்படி. கேட்டவர் ஒரு சொல்லை மாற்றிக் கேட்டாலும், மனசு எழுதி வைத்த பதிலைத் தேடிப் போய்விடும், எதிரில் இருப்பவர் என்ன கேட்டார் என்பது காதில் விழாது. அந்தப் பட்டியலைத் தூக்கிப் போட வேண்டாம். அதிலிருந்து எண்களை மட்டும் பிரித்தெடுங்கள். மொத்தம் எத்தனை புகார், எத்தனை திரும்ப வந்தவை, ஒன்றை முடிக்க சராசரியாக எத்தனை நாள், மென்பொருளுக்கு என்ன செலவு, இப்போது மூன்று கோப்புகளைப் பராமரிப்பதில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் போகிறது. ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். பார்த்துச் சொல்வதில் தவறே இல்லை. பார்த்துச் சொல்கிறவரின் எண்ணைத்தான் நிதிக்காரர்கள் நம்புவார்கள்.

சரி, என்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொள்ள வேறு வழி? கேட்கப் போகிறவர்களிடமே கேட்டுவிடுங்கள். நிதித் தலைவரிடம் ஒரு பதினைந்து நிமிடம், விற்பனைத் தலைவரிடம் ஒரு பதினைந்து நிமிடம், தனித்தனியாக, இந்த வாரமே. “இதற்கு நீங்கள் சம்மதிக்க வேண்டும் என்றால் உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?” என்ற ஒரே கேள்வியோடு போய், பேசாமல் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வாருங்கள். அங்கேயே வாதாடக் கூடாது. இதைக் காக்கா பிடிப்பது என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது, கடிதத்தில் அந்தச் சாயல் தெரிகிறது. ஒருவர் ஆட்களை எடுக்கும் திட்டத்தை அவரிடம் முன்கூட்டிச் சொல்லாமல் பத்துப் பேர் நடுவில் ஸ்லைடில் காட்டினால் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

‘ஆறு மாதத்தில் முடியாவிட்டால்’ என்ற கேள்விக்கு இன்னொரு பயிற்சி இருக்கிறது. கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2007-ல் எழுதிப் பரவலானது. உங்கள் குழுவில் நான்கைந்து பேரை உட்கார வைத்து, “ஒரு வருடம் கழிந்துவிட்டது, நம் திட்டம் படுதோல்வி. ஏன் தோற்றது?” என்று சொல்லி, ஆளுக்கொரு தாளில் காரணங்களை எழுதச் சொல்லுங்கள். ‘தோற்குமா’ என்று கேட்டால் மரியாதைக்காக வாய் திறக்காதவர்கள், ‘தோற்றாகிவிட்டது’ என்று சொன்னால் மளமளவென்று எழுதுவார்கள். அதில் மேலே வரும் மூன்று காரணங்களுக்கு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று யோசித்து வைத்தால், அதுவே பதில். “முடியும்” என்பதைவிட “மூன்றாவது மாதக் கடைசியில் மின்னஞ்சல் புகார்கள் முழுக்க உள்ளே வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் நானே வந்து சொல்வேன், அப்போது நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவெடுக்கலாம்” என்பது எவ்வளவு தெம்பாக இருக்கிறது பாருங்கள்.

ஸ்லைடு விஷயம், சுருக்கமாக

26-ஐ எட்டாக்குங்கள். மீதியைக் கடைசியில் பின்னிணைப்பாக வைத்து, எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று அந்த ஒரு பக்கத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பவர்பாயிண்டில் காட்சி ஓடும்போது 17 என்று தட்டி என்டர் அழுத்தினால் நேராக 17-ஆவது ஸ்லைடுக்குப் போய்விடும். ஒவ்வொன்றாகத் தள்ளித் தேட வேண்டாம். ஆங்கில B எழுத்தைத் தட்டினால் திரை கறுப்பாகும், எல்லோரும் திரையை விட்டுவிட்டு உங்களைப் பார்ப்பார்கள். முக்கியமான கேள்வி வரும்போது இது நல்லது. இருபது நிமிடம் கொடுத்தால் பத்து, பன்னிரண்டு நிமிடத்துக்கு மட்டும் பேச்சு வைத்துக்கொள்ளுங்கள்.

பழகும்போது கண்ணாடி வேண்டாம், கண்ணாடி கேள்வி கேட்காது. ஒரு தோழியை உட்கார வைத்து, எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லிவிட்டு, “நான் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்” என்று விட்ட இடத்துக்குத் திரும்பி வரப் பழகுங்கள். ஐந்தாறு தடவை இப்படி அறுந்து அறுந்து முடிச்சுப் போட்டுவிட்டால், அந்த அறையில் அறுந்தால் பதறமாட்டீர்கள்.

கேள்விகளைக் கடைசியில் கேளுங்கள் என்று சொல்லலாமா என்றால், உங்களைவிட மேலே இருப்பவர்களிடம் அது எடுபடாது, எடுபட்டாலும் நல்லதில்லை. மூன்றாவது ஸ்லைடில் சந்தேகம் வந்தவர் அதைச் சுமந்துகொண்டேதான் மீதியைக் கேட்பார். இரண்டு வரியில் பதில் சொல்லுங்கள், “இதன் முழு விவரம் ஏழாவது ஸ்லைடில் இருக்கிறது, இப்போதே போகட்டுமா?” என்று அவரிடமே விட்டுவிடுங்கள். பாதிப் பேர் ‘வேண்டாம், தொடருங்க’ என்பார்கள்.

தெரியாது என்பதும், அந்த மௌனமும்

தெரியாது என்று சொன்னால் மதிப்புப் போகும் என்பது பாதி உண்மை. உங்கள் திட்டத்தின் அடிப்படையையே தெரியாது என்றால் போகும். அதனால்தான் எண்களைக் கையில் வைத்திருக்கச் சொன்னேன். மற்றதெல்லாம் தெரியாமல் இருக்கலாம், ஆனால் ‘தெரியாது’ என்று சொல்லி நிறுத்தாமல், தெரிந்தது எது, தெரியாதது எது, எப்போது தெரியும் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். “தொலைபேசியில் வந்தவற்றுக்கு என்னிடம் கணக்கு இருக்கிறது. விற்பனை ஆட்கள் வாயிலாக வந்தவற்றைச் சரியாக யாரும் பதிவு செய்யவில்லை. ஒரு வாரம் பதிந்து பார்த்து வெள்ளிக்கிழமை தருகிறேன்.” இப்படிச் சொன்னால் உங்கள் திட்டம் ஏன் தேவை என்பதும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

அப்புறம் அந்த மௌனம். ‘நான் திணறியது எல்லோருக்கும் அப்பட்டமாகத் தெரிந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம். 2003-ல் கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் மேடைப் பேச்சை வைத்துச் சோதித்தார்கள். பேசுகிறவர்கள் தங்கள் படபடப்பு வெளியே தெரிந்ததாக நினைத்த அளவுக்கு, கேட்டவர்களுக்கு அது தெரியவில்லை. இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லிவிட்டுப் பேச வைத்தபோது அவர்கள் இன்னும் நன்றாகவே பேசினார்கள். அதனால்தான் உங்களிடமும் முன்கூட்டியே சொல்கிறேன். இன்னொன்று, உரையாடலில் ஒருவர் கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் இடையே நாம் விடும் நேரம் மிகமிகக் குறைவு. பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009 ஆய்வு ஒன்றில் அது சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்தப் பழக்கத்தினால்தான் மூன்று விநாடி யோசித்தால்கூட ஒரு யுகம் போனது போல உங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கேள்வி கேட்டவருக்கோ, யோசித்துச் சொல்கிறார் என்றுதான் படும். கேள்வியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும் அந்த நான்கைந்து விநாடிகள் உங்களுடையவை. புரியவில்லை என்றால், “எத்தனை பேர் என்று கேட்கிறீர்களா, எத்தனை அழைப்பு என்று கேட்கிறீர்களா?” என்று திருப்பிக் கேளுங்கள். அன்று நிதித் தலைவரின் கேள்வியிலேயே இந்த இரண்டு அர்த்தமும் இருந்தது.

பதிலின் முதல் சொல் பதிலாகவே இருக்கட்டும். ஆமாம், இல்லை, இன்னும் தெரியாது, அது இதைப் பொறுத்தது. காரணம் பிறகு. இரண்டு மூன்று வாக்கியத்தில் நிறுத்திவிடுங்கள். நிறுத்தத் தெரியாமல் பேசிக்கொண்டே போகும்போதுதான் வேண்டாத 40 சதவீதங்கள் வாயில் வருகின்றன.

நிதித் தலைவருக்கு உங்கள்மேல் கோபமா?

நீங்கள் எழுதியதிலிருந்து அப்படித் தெரியவில்லை. அவர் திட்டத்தைப் பற்றிக் கேட்டார், உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முகம் கடுகடுவென்று இருந்தது என்கிறீர்கள், பலருக்கு யோசிக்கும்போது முகம் அப்படித்தான் இருக்கும். உண்மையில் அந்த அறையிலேயே உங்கள் பிரச்சினையை அதிகம் புரிந்துகொண்டவர் அவர்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது. திரும்ப வரும் புகார்தான் உங்கள் திட்டத்தின் உயிர்நாடி, நேராக அதைத்தான் கேட்டிருக்கிறார்.

ஆனால் வளைந்து கொடுப்பதற்கும் ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டால் “ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்” என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. “உங்க பிரிவில யார் சரியா வேலை செய்யல?” என்பது போல் தனி ஆளைப் பற்றிக் கேட்டால், “அதை இங்கே பேசுவது சரியாக இருக்காது சார், தனியாகப் பேசுகிறேன்” என்று மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். யாராவது உங்கள் வேலையை விட்டுவிட்டு உங்கள் குணத்தை, பேச்சை, நீங்கள் பெண் என்பதை இழுத்துப் பேசினால் அது கேள்வி என்ற கணக்கிலேயே வராது. சாமர்த்தியமாகப் பதில் சொல்லும் பொறுப்பு உங்களுக்கு இல்லை. “திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டு, பிறகு தேதி, சொன்ன வார்த்தைகள், கூட இருந்தவர்கள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். திரும்பத் திரும்ப நடந்தால் மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கொண்டுபோக அது வேண்டும்.

சக ஊழியரைப் பேச வைக்கலாமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவர் நன்றாகப் பேசுவார், ஆனால் மாதக் கடைசி ஐந்து நாளை விட்டுக்கொடுக்கலாமா கூடாதா என்று அவரால் அந்த இடத்தில் முடிவு சொல்ல முடியாது. அது உங்களுக்குத்தான் தெரியும். ஒன்பது வருடம் அந்தத் தொலைபேசிகளை எடுத்தவர் நீங்கள். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். யார் என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள், எதை எப்போது தருவதாகச் சொன்னீர்கள் என்று அவர் எழுதட்டும். நீங்கள் நிற்கும்போது அதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. கூட்டம் முடிந்த அன்றே அந்தக் குறிப்பை எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

மறுபடியும் நிர்வாக இயக்குநர் ‘பிறகு பார்ப்போம்’ என்று எழுந்தால், போன தடவை போல நன்றி சொல்லி உட்கார்ந்துவிடாதீர்கள். “சார், முடிவெடுக்க உங்களுக்கு இன்னும் எது தெரியணும்? எந்தத் தேதிக்குள்ள கொண்டு வரட்டும்?” என்று பணிவாகக் கேளுங்கள். அவர் ஒரு காரணம் சொன்னால் அது உங்கள் அடுத்த வேலை. முழுத் திட்டத்துக்கும் மனம் வரவில்லை என்று தெரிந்தால், மின்னஞ்சல் புகார்களை மட்டும் இரண்டு மாதம், இருக்கிற ஆட்களை வைத்தே, ஒரே பட்டியலில் போட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். அதற்கான அரைப் பக்கத்தை முன்னாலேயே எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள், அவர் அறையை விட்டுப் போவதற்குள் கையில் கொடுக்கிற மாதிரி.